கைபேசி ஏந்தும் பிள்ளைகளுக்கு ஒரு சட்டப் பாடம்



அலிஃப், பே கற்றுக்கொடுக்கும் மதரஸா ஆசிரியன் ஒருவன் இணையக் குற்றச் சட்டத்தைப் பற்றி எழுத முற்படுவது உங்களுள் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நான் கல்லூரியில் பயின்றது வரலாறு. கணினியைப் பாடமாகக் கற்றவன் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். எனினும், கடந்த மூன்றாண்டுகளாக ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம், எங்கள் மதரஸாவுக்கு ஓத வரும் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்பாடத்தை நடத்தி வருகிறோம். ஆண் பிள்ளைகளுக்கு நானும், பெண் பிள்ளைகளுக்கு ஆலிமாவான என் துணைவியாரும் பாடம் சொல்கிறோம். சட்ட நுணுக்கங்களில் ஐயம் எழும்போது எங்கள் மஹல்லாவைச் சார்ந்த வழக்கறிஞர் சகோதரர் ஒருவர் வந்து தெளிவுபடுத்துகிறார். இவ்வகுப்பில் பிள்ளைகள் கற்க வேண்டியது ஒரு பங்கு என்றால், பெற்றோராகிய நாம் கற்க வேண்டியது மூன்று பங்கு என்பதை நாளடைவில் உணர்ந்தேன். அதனை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டின் கணக்கப்பிள்ளை

எங்களுடையது கடலோர ஊர். ஆண்களில் பெரும்பகுதியினர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் பொருளீட்டி வருகின்றனர். ஒரு காலத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துக் காட்டவும் மறுமடல் எழுதவும், எழுதப் படிக்கத் தெரிந்த அண்டை வீட்டுப் பிள்ளையை நம் தாய்மார்கள் தேடுவர். பின்னர், ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பிய காலம் வந்தது. இன்றோ கணவர் கைபேசியின் திரையிலேயே தோன்றிப் பேசுகிறார். காலம் மாறிவிட்டது, ஆனால், பிள்ளையின் பணி மாறவில்லை. வாப்பா அனுப்பும் பணம் வங்கியில் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பவன் பத்தாம் வகுப்பு மாணவன். மளிகைக்கடைக்குப் பணம் செலுத்துபவன் அவன். எரிவாயு உருளைக்குப் பதிவு செய்பவன் அவன். மின்கட்டணம் கட்டுபவனும் அவனே. சுருங்கச் சொன்னால், அவன் வீட்டின் கணக்கப்பிள்ளை!

வகுப்பின் முதல் நாளில் நான் கேட்ட முதல் வினா மிக எளியது. "நீங்கள் பயன்படுத்தும் சிம் அட்டை யார் பெயரில் இருக்கிறது?" என்றேன். உம்மாவின் பெயரில், மாமாவின் பெயரில், வபாத்தாகிவிட்ட பாட்டனாரின் பெயரில் என்று பலவாறாக விடைகள் வந்தன. "அந்த எண்ணிலிருந்து ஒரு குற்றம் நிகழ்ந்தால், காவல்துறை முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும்?" என்று அடுத்துக் கேட்டேன். வகுப்பில் அமைதி நிலவியது. கருவியின் ஒவ்வொரு பொத்தானையும் அறிந்த பிள்ளைகளுக்கு, அக்கருவியின் பின்னே சட்டம் ஒன்று நிற்கிறது என்பது அதுவரை தோன்றவேயில்லை. இதில் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மிதிவண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது இடப்பக்கம் செல்லவும் சொல்லிக் கொடுத்தோம். கைபேசியைக் கொடுத்தபோது நாம் எதையும் சொல்லவில்லை.

சட்டம் வந்த வரலாறு

வரலாறு படித்தவன் ஆதலால், சட்டத்தையும் அதன் வரலாற்றிலிருந்தே தொடங்கினேன். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்னணு வணிகத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு வழங்குவதே அன்று அதன் முதன்மை நோக்கம். 2008 இல் அது விரிவாகத் திருத்தப்பட்டது. அடையாளத் திருட்டு, ஆள்மாறாட்டம், அந்தரங்கத்தைப் படம் பிடித்தல் ஆகியவற்றுக்கான தனித்தனிப் பிரிவுகள் அப்போது சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபர் 27 முதல் நடப்பிற்கு வந்தன.

இச்சட்டத்தின்கீழ் நாட்டிலேயே முதன்முதலாகத் தண்டனை பெற்றுத் தந்த வழக்குகளுள் ஒன்று, நம் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் நடந்தது. தன்னை மணக்க மறுத்த பெண்ணொருவரின் பெயரால் போலி மின்னஞ்சல் தொடங்கி, இணையக் குழுவொன்றில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுதி, அவருடைய தொலைபேசி எண்ணையும் பரப்பினான் ஒருவன். 2004 பிப்ரவரியில் அப்பெண் துணிந்து புகார் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் குற்றவாளிக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கைபேசியில் இணையம் பரவாத அக்காலத்திலேயே, புகார் கொடுத்த ஆண்டு முடிவதற்குள் ஒரு பெண்ணுக்கு நீதி கிடைத்தது என்பதைப் பெண் பிள்ளைகளுக்கு என் துணைவியார் அழுத்தமாக எடுத்துரைப்பார்.

ஒருநாள் மாணவனொருவன், "ஹஜ்ரத், இணையத்தில் எதையாவது எழுதினால் 66ஏ பிரிவில் பிடித்துப் போய்விடுவார்களாமே?" என்று கேட்டான். அப்பிரிவு பேச்சுரிமைக்கு முரணானது என்று கூறி, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிவிட்டதை விளக்கினேன். அவ்வழக்கைத் தொடுத்தவர்களுள் முன் நின்றவர் ஓர் இளம் மாணவி என்பதைச் சொன்னபோது மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். சட்டம் என்பது நம்மை அடிக்கும் பிரம்பு மட்டுமன்று. நம் உரிமையைக் காக்கும் வேலியும் அதுவே என்பதை அந்த ஒரு செய்தி பதியச் செய்தது.

பழைய ஒழுக்கம், புதிய வாசல்

பிரிவு எண்களை மனனம் செய்விப்பதால் பயனில்லை. பிள்ளைகள் முன்பே அறிந்திருக்கும் ஒழுக்கங்களிலிருந்து புறப்பட்டால், சட்டம் தானாகவே விளங்குகிறது.

பிறர் வீட்டினுள் ஸலாம் கூறி அனுமதி பெறாமல் நுழையலாகாது என்பதை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே ஓதியிருக்கின்றனர். கதவிடுக்கின் வழியே எட்டிப் பார்ப்பதும் தவறு என்பதை அறிவர். "லாத்தாவின் கைபேசியை, அவர் உறங்கும்போது திறந்து பார்ப்பது எட்டிப் பார்ப்பதா, இல்லையா? நண்பனின் கடவுச்சொல்லை ஊகித்து அவன் கணக்கினுள் போவது அனுமதியின்றி நுழைவதா, இல்லையா?" என்று கேட்டேன். விடையை அவர்களே சொன்னார்கள். அதன் பின்னரே சட்டத்தைக் கூறினேன்: உரியவர் அனுமதியின்றிக் கணினியினுள் நுழைந்தால் 43 ஆம் பிரிவின்படி இழப்பீடு செலுத்த வேண்டிவரும். அதனையே தீய நோக்கத்துடன் செய்தால், 66 ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அடுத்தது அமானத். பிறருடைய கடவுச்சொல் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதனை ஏமாற்றும் எண்ணத்துடன் பயன்படுத்துவது 66சி பிரிவின்கீழ் அடையாளத் திருட்டு. பிறர் போல் நடித்து இணையவழியில் ஏமாற்றுவது 66டி பிரிவின்கீழ் குற்றம். இரண்டிற்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆசிரியர் பெயரில் போலிக் கணக்குத் தொடங்கிச் சக மாணவர்களிடம் "பணம் அனுப்புங்கள்" என்று கேட்பது விளையாட்டு என்று எண்ணிய மாணவர்கள் எங்கள் வகுப்பிலும் இருந்தனர்.

மூன்றாவது, வதந்தி. செய்தி வந்தால் தீர விசாரித்து அறியுமாறு திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. இதனை மதரஸாவில் ஓதிய பிள்ளையே, வெளியே வந்ததும் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நாற்பது பேருக்கு அனுப்புகிறான். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்ததை அவர்களுக்குச் சொன்னேன். பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்ற வதந்தி கைபேசிகளில் பரவியிருந்த வேளையில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதனையே காரணமாகக் கொண்டு கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அச்செய்தியை அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் தாம் நன்மை செய்வதாகவே எண்ணியிருப்பர். அதே ஆண்டு ஜூலையில், ஒரே வேளையில் ஐவருக்கு மேல் செய்தியை அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. ஐந்து என்னும் அவ்வெண்ணின் பின்னே உயிர்கள் இருக்கின்றன என்றபோது வகுப்பில் எவரும் பேசவில்லை.

வாடகைக்கு விடப்பட்ட கணக்கு

பணத்தைப் பற்றிய பாடமே மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் கேட்ட பாடம். யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்புவதற்கு மட்டுமே பின் எண் தேவை; பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. இந்த ஒரு செய்தியை நம் தாய்மார்கள் அறிந்திருந்தால் பல வீடுகள் தப்பியிருக்கும். "உங்களுக்குப் பரிசு வந்திருக்கிறது, பின் எண்ணை இடுங்கள்" என்பவன் கொடுக்க வரவில்லை, எடுக்கவே வந்திருக்கிறான். அவ்வாறே, காணொளி அழைப்பில் காவல் அதிகாரி போலத் தோன்றி, "உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுவோர் உளர். அப்படியொரு கைது இந்தியச் சட்டம் எதிலும் இல்லை.

ஏமாறுவதைக் காட்டிலும் எனக்கு அச்சமூட்டுவது வேறொன்று. பள்ளி இறுதி வகுப்பையும் கல்லூரி முதலாண்டையும் சார்ந்த இளைஞர்களைச் சிலர் அணுகுகின்றனர். "உன் வங்கிக் கணக்கைச் சில நாட்கள் கொடு, அதில் வரும் பணத்தை நாங்கள் சொல்லும் இடத்துக்கு அனுப்பு, உனக்குக் கமிஷன் தருகிறோம்" என்கின்றனர். உழைப்பில்லாமல் சில ஆயிரங்கள்! அப்பணம் எங்கோ ஒரு முதியவரிடம் மோசடி செய்து பறித்த பணம் என்பதை அவ்விளைஞன் அறியான். புகார் பதிவானதும் கணக்கு முடக்கப்படுகிறது; வேறு மாநிலக் காவல்துறையினர் வந்து நிற்கின்றனர். மோசடியின் சங்கிலியில் பெயரும் முகவரியும் தெளிவாகத் தெரியும் கண்ணி அவன் ஒருவனே.

நம் சமுதாயத்துக்கு இதில் இன்னுமொரு பேரிழப்பு உண்டு. 1967 ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி, குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். கடல் கடந்து சென்று பிழைக்கும் ஊரில், பத்தொன்பது வயதில் பாஸ்போர்ட் கிடைக்காமல் போவது என்றால் என்ன என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதனைச் சொன்ன அன்று, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் தனியே வந்து, "ஹஜ்ரத், என் காக்காவிடம் ஒருவர் கணக்குக் கேட்டிருக்கிறார்; நாளை கொடுப்பதாக இருக்கிறார்" என்றான். அன்றிரவே நானும் வழக்கறிஞர் சகோதரரும் அவன் வீட்டுக்குச் சென்றோம். அக்கணக்கு கைமாறவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

பெயரிடாத தாள்கள்

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்.

வகுப்பு தொடங்கிய சில வாரங்களில், ஆண், பெண் இரு பிரிவினருக்கும் ஒரே வினாவைக் கொடுத்து, பெயர் எழுதாமல் விடை எழுதித் தருமாறு கூறினோம். "உங்கள் படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் மிரட்டினால் என்ன செய்வீர்கள்?" என்பது வினா. "காவல்துறையிடம் சொல்வேன்" என்று எழுதியவர் மிகச் சிலர். "உம்மாவிடம் சொல்வேன்" என்றவர் இன்னும் சிலர். பெரும்பாலான தாள்களில் இருந்த விடை, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்பதே. காரணத்தையும் எழுதியிருந்தனர். ஆண் பிள்ளைகள், "வாப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார்" என்று எழுதியிருந்தனர். பெண் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரே குரலில் எழுதியிருந்தது: "என் படிப்பை நிறுத்திவிடுவார்கள்."

வாசகர்களே, இவ்வரியைச் சற்று எண்ணிப் பாருங்கள். குற்றம் செய்தவனை விடத் தம் வீட்டையே இப்பிள்ளைகள் அஞ்சுகின்றனர்! மிரட்டுபவனின் உண்மையான ஆயுதம் அவன் கையில் உள்ள படமன்று. நம் வீட்டில் நிலவும் அச்சமே அவனுடைய ஆயுதம். "உன் வாப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்ற ஒற்றைச் சொல்லால் அவன் எதையும் சாதிக்கிறான். அச்சொல்லுக்கு வலிமை கொடுப்பவர்கள் நாமே.

இத்தாள்களைப் படித்த சில மாதங்களில், அவ்வச்சம் வெறும் கற்பனையன்று என்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்றும் நேர்ந்தது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பள்ளி விழாப் படத்தை எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியால் அதனை ஆபாசப் படமாக மாற்றி, அறியாத எண்ணொன்றிலிருந்து அவளுக்கே அனுப்பி மிரட்டினான் ஒருவன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதை எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. அவள் தன் உம்மாவிடம் சொல்லிவிட்டாள். உம்மா, வெளிநாட்டில் இருந்த கணவரிடம் சொன்னார். தொலைபேசியில் வந்த முதல் சொல், "நாளை முதல் பள்ளிக்கூடம் வேண்டாம்" என்பதுதான். அவள் ஒரு பாவமும் அறியாதவள். அப்படம் அவளுடையதே அன்று. ஆயினும் தண்டனை அவளுக்கே விதிக்கப்பட்டது!

செய்தி அறிந்து என் துணைவியார் அவ்வீட்டுக்குச் சென்றார். அழுதுகொண்டிருந்த அத்தாயிடம், "லாத்தா, உங்கள் வீட்டில் திருடன் புகுந்தால் நகையையா தண்டிப்பீர்கள்?" என்று கேட்டார். பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுமையாக எடுத்துரைத்தார்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 இல் இயற்றப்பட்டது. 18 வயது நிறையாத ஆண், பெண் இரு பாலாருக்கும் அது பொருந்தும். குழந்தையின் உண்மைப் படமாயினும், புனையப்பட்ட படமாயினும், அதனை வெளியிடுவதாகப் பாலியல் நோக்கத்துடன் மிரட்டுவதே அச்சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "அது பொய்ப் படம்தானே" என்று குற்றவாளி தப்பித்துக்கொள்ள இயலாது. அத்தகைய படத்தைப் பரப்புவதோ, பதிவிறக்கி வைத்துக்கொள்வதோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். "எனக்கு வந்தது; நான் அடுத்தவனுக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று சொல்லும் நம் ஆண் பிள்ளைகள் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும்.

அத்தாய்க்கு இருந்த பெரும் அச்சம் காவல் நிலையத்தைப் பற்றியது. "வயது வந்த பெண்ணை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதா?" என்றார். சட்டம் அவ்வாறு கேட்கவில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை அக்குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். அப்போது அவர் சீருடையில் இருக்கலாகாது. எக்காரணத்தாலும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி, புகைப்படம் என எந்த அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இவ்வளவு மறைப்பையும் மரியாதையையும் சட்டமே வழங்கியிருக்கும்போது, நாம் நம் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவைப்பது எதற்காக?

அப்பெண்ணின் வாப்பாவை இசைய வைக்க மூன்று நாட்கள் ஆயின. புகார் பதிவாயிற்று. அவர்கள் கூறியிருந்தபடியே பெண் அதிகாரி சாதாரண உடையில் வீட்டுக்கு வந்து பேசிச் சென்றார். மறுவாரம் அப்பெண் பள்ளிக்குச் சென்றாள். வழக்கு அதன் போக்கில் நடந்து வருகிறது. அவள் இன்று கல்லூரியில் பயில்கிறாள்.

ஜமாஅத் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

இத்தகைய நிகழ்ச்சிகளில், "ஊருக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்று கூறும் பெரியவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. வாய்க்கால், வரப்புத் தகராறுகளையும் குடும்பப் பிணக்குகளையும் பேசித் தீர்ப்பது நம் ஜமாஅத்துகளின் நற்பண்பு. ஆனால், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும், அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் கட்டளை. மறைத்தால், மறைத்தவருக்கே ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ விதிக்கப்படலாம். சமரசம் செய்து அனுப்பப்பட்டவன் அடுத்த தெருவில் இன்னொரு பிள்ளையை மிரட்டுவான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மறுபுறம், தவறு செய்தது நம் வீட்டு ஆண் பிள்ளையாகவும் இருக்கக்கூடும். 18 வயது நிறையாதவனின் வழக்கை 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அவனைப் பெரியவர்களுடன் சிறையில் அடைப்பதில்லை. அவன் பெயரையும் வெளியிடுவதில்லை. திருத்துவதே அச்சட்டத்தின் நோக்கம். ஆகவே, பிள்ளையை ஒளித்து வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடத் துடிக்காமல், உண்மையைச் சொல்லித் திருந்தும் வாய்ப்பை அவனுக்குக் கொடுங்கள்.

மூன்று வாக்குறுதிகள்

பெயரிடாத அத்தாள்களைப் படித்த பின், பெற்றோர் கூட்டமொன்றைக் கூட்டினோம். தாள்களை வாசித்துக் காட்டினோம். சில தாய்மார்கள் திரைக்கு அப்பால் விம்மி அழுத ஒலி எங்களுக்குக் கேட்டது. பின்னர், மூன்று வாக்குறுதிகள் அச்சிட்ட தாளொன்றைக் கொடுத்து, பிள்ளையின் முன்னிலையில் கையொப்பமிடுமாறு வேண்டினோம். இணையத்தில் நேர்ந்த எதையும் என் பிள்ளை என்னிடம் சொன்னால், முதலாவதாக, நான் அடிக்க மாட்டேன். இரண்டாவதாக, படிப்பை நிறுத்த மாட்டேன். மூன்றாவதாக, சொன்ன காரணத்துக்காகக் கைபேசியைப் பறிக்க மாட்டேன்.

மூன்றாவது வாக்குறுதியைப் பலர் எதிர்த்தனர். முதியவர் ஒருவர் எழுந்து, "கைபேசியே கொடுக்காவிட்டால் இத்தொல்லைகள் எல்லாம் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிறு பிள்ளைகளுக்குத் தனிக் கைபேசி தேவையில்லை என்பதே என் கருத்தும். ஆனால், வங்கிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கைபேசி வேண்டியிருக்கும் உலகில், அதனை எக்காலமும் ஒளித்து வைக்க இயலாது. நீந்தத் தெரியாத பிள்ளையைக் கடற்கரை ஊரில் எத்தனை நாள் கரையிலேயே நிறுத்தி வைப்பது? மேலும், "சொன்னால் பறிப்பார்கள்" என்று அறிந்த பிள்ளை, கைபேசியை இழப்பதில்லை, சொல்வதைத்தான் நிறுத்திவிடுகிறது. அம்முதியவர் கையொப்பமிடவில்லை. வேறு சிலரும் மறுத்துவிட்டனர். கையொப்பமிட்ட வீடுகளில் பிள்ளைகள் வாய் திறந்து பேசத் தொடங்கியிருப்பதை நாங்கள் கண்டு வருகிறோம். மறு ஆண்டு அதே வினாவைக் கொடுத்தபோது, "உம்மாவிடம் சொல்வேன்" என்ற தாள்கள் முன்னைவிடப் பெருகியிருந்தன.

இன்றே செய்யத்தக்கவை

இதனைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் செய்யத்தக்க சிலவற்றைக் கூறி நிறைவு செய்கிறேன்.

இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். நிமிடங்கள் முக்கியம், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் வங்கிகள் அதனைத் தடுத்து நிறுத்த இயலும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களைப் பெயர் வெளியிடாமலே அதில் தெரிவிக்கும் வசதி உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. எரிவாயு எண்ணையும் மருத்துவர் எண்ணையும் சுவரில் எழுதி வைத்திருக்கும் நம் வீடுகளில், இவ்விரு எண்களும் இடம்பெறட்டும்.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடமே மீண்டும் கேட்பர். பதற்றத்தில் செய்தியை அழித்துவிடாதீர்கள். அதுவே சான்று. எண், நாள், நேரம் ஆகியவை தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். ஆனால், அதனை உறவினர் குழுவில் போட்டு நியாயம் கேட்காதீர்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, உங்களுடையதல்லாத எண்களைத் துண்டிக்கக் கோரலாம். கணக்குத் தொடங்கும்போது பிள்ளை பிறந்த ஆண்டைப் பொய்யாக இடுகிறதா என்று கவனியுங்கள். 2023 இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளை வயதைப் பொய்யாகச் சொல்லும்போது அப்பாதுகாப்பைத் தானே இழக்கிறது.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. இன்றிரவு உணவுக்கு அமரும்போது, உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "உனக்கு என்ன நேர்ந்தாலும் என்னிடம் சொல், நான் உன் பக்கம் நிற்பேன்." வெளிநாட்டில் இருக்கும் தந்தையர், இன்றைய காணொளி அழைப்பிலேயே இதனைச் சொல்லலாம். சட்டங்கள் மாறும். 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நாளை வேறு பிரிவுகள், வேறு எண்கள் வரலாம். ஆனால், பிள்ளை வாய் திறந்தால்தான் எந்தச் சட்டமும் அதற்குத் துணைவர இயலும்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் மானத்தையும் கல்வியையும் காத்தருள்வானாக! அவர்கள் அஞ்சாமல் வந்து சொல்லும் இடமாக நம் இல்லங்களை ஆக்கியருள்வானாக! ஆமீன்.